அந்த மேசைக்கு ஒரு டப்பா போதும்

எனக்கு எழுபது வயது ஆகிறது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நாலு. என் தங்கை போன பிறகு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ரெண்டு. ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் சம்பாத்தியத்தில் நிற்கிறார்கள். யார் வாசலிலும் போய்க் கைகட்டி நின்றதில்லை, நானும் சரி, அவர்களும் சரி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகச் சொல்லலாம்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து ஏறிவிடுவேன். அதற்கு மேல் என்றால் கண்ணும் ஒத்துழைக்காது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி போனில் அடிக்கிறாள். காட்பாடியில் காலேஜ் படிக்கிற பெண். சனிக்கிழமை ஆனால் ரயில் ஏறி ஆம்பூர் வந்துவிடுவாள்.

போன வாரம் வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னவென்று கேட்டேன். ஐந்து பேர் சேர்ந்து செய்கிற குரூப் ப்ராஜெக்ட்டாம். அதில் இரண்டு பேரோடு இவள் பேசுவதில்லையாம். சாரிடம் சொல்லிவிட்டுத் தனியாகவே செய்துகொள்ளப் போகிறாளாம். நான் ஏதோ கேட்கப் போக, "உனக்கு இதெல்லாம் புரியாது ஆயா" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கா புரியாது? நான் பாதி ஆயுள் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். ஒரு ஷூவைக்கூடத் தனியாகச் செய்ததில்லை. யாரும் செய்ததில்லை. ஒருத்தர் தோலை வெட்டுவார், ஒருத்தர் ஓரத்தைச் சீவி மெலிசாக்குவார், ஒருத்தர் மடிப்பார், ஒருத்தர் தைப்பார். இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் ஒரு ஜோடி பெட்டிக்குள் போகும். அதில் மடிப்பு என்னுடையது. சீவின ஓரத்தில் பசை தடவி, காய விட்டு, உள்பக்கம் மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். வளைவு வருகிற இடத்தில் சுருக்கம் விழக்கூடாது. என் மடிப்பில் விழாது. சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்து என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மேசையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பேத்தியின் ப்ராஜெக்ட் கதையைக் கேட்டதும் எனக்கு எங்கள் சூப்ரவைசரம்மா ஞாபகம்தான் வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் எங்கள் லைனுக்கு சூப்ரவைசராக வந்தபோது சின்ன வயசு. நான் நாற்பதைத் தொட்டிருந்தேன். ஒல்லியாக, கழுத்தில் சின்னச் சிலுவைச் செயினோடு, கையில் கணக்கு எழுதுகிற அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இந்தப் பெண்ணா நம்மை மேய்க்கப் போகிறது என்று லைனில் எல்லோருக்கும் சிரிப்பு. என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். நான் "மேடம்" என்றேன். அன்றிலிருந்து இன்று வரை அப்படித்தான்.

அந்தச் சமயம் எனக்கும் எனக்கு அடுத்து உட்கார்ந்து தைக்கிறவளுக்கும் பேச்சு இல்லை. காரணம் கம்பெனி பஸ். ஜன்னல் ஓரத்து சீட்டில் நான் என் சோற்றுப் பையை வைத்துவிட்டு இறங்கித் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் பை தரையில் இருக்கிறது, அவள் சீட்டில் இருக்கிறாள். சோற்றைத் தரையில் வைத்தவளோடு எனக்கு என்ன பேச்சு? அவளும் வீம்புக்காரி. பல மாதம் ஓடிவிட்டது.

பேச்சு இல்லாவிட்டால் வேலையில் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? மடித்து அனுப்பும்போது, "இது பசை இன்னும் பிடிக்கல, கொஞ்சம் பொறுத்துத் தை" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்லமாட்டேன். "இது இடதா வலதா" என்று அவள் கேட்க வேண்டியிருக்கும். கேட்கமாட்டாள். ஒருநாள் ஒரு கட்டு முழுக்க, சரிபார்க்கிற கடைசி மேசையிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

சூப்ரவைசரம்மா யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் எங்கள் இரண்டு பேரையும் லைனிலிருந்து எடுத்துப் பசை ஒட்டுகிற மேசையில் எதிரெதிராக உட்கார வைத்தார். நடுவில் ஒரே ஒரு சொல்யூஷன் டப்பா, ஒரே ஒரு பிரஷ். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டுகிற பசை. கிர்ரென்று மூக்கில் ஏறும். மூடி திறந்தே இருந்தால் கொஞ்ச நேரத்தில் இறுகிப் போகும். வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

காலை முழுக்க நாங்கள் டப்பாவைத் தள்ளித் தள்ளியே வேலை பார்த்தோம், முகத்தைப் பார்க்காமல். மத்தியானம் நெருங்கும்போது அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூடி போடுங்க. காஞ்சிடப் போவுது."

"நீங்கதானே கடைசியா எடுத்தீங்க?"

"சரி, நாந்தான். இப்ப போடுங்க."

இதுதான் நாங்கள் பேசினது. இதற்கு ஏன் எனக்குச் சிரிப்பு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவளுக்கும் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டாள். பிற்பாடு என் கடைசிப் பெண்ணை அவள் மகனுக்கே கொடுத்தேன். இதை அடித்துக்கொண்டிருக்கிறாளே இந்தப் பேத்தி, இவள் அந்த டப்பாவில் பிறந்தவள்.

வயசாகிவிட்டது என்று கம்பெனியில் என்னை நிறுத்தினார்கள். சூப்ரவைசரம்மாவும் சில வருஷம் கழித்து அங்கிருந்து வெளியே வந்து, ஊருக்கு வெளியே ஷூ செய்யப் படிப்பு சொல்லித் தருகிற ஒரு பயிற்சி நிலையத்தில் அங்கேயும் சூப்ரவைசராகவே சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அங்கே கத்தி, சுத்தியல், டப்பாவெல்லாம் எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்க, மேசை துடைக்க ஒரு ஆள் வேணும், வருகிறீர்களா அக்கா என்றார். என் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. நான் மறுநாளே போனேன்.

அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்ன டப்பா. ஆளுக்கொரு பிரஷ். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், வேலை சீக்கிரம் நடக்கும். கடைசி வருஷத்தில் மட்டும் நாலு நாலு பேராகச் சேர்த்து குரூப் ப்ராஜெக்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். அப்போது பார்க்க வேண்டும் வேடிக்கையை. ஒரு குரூப்பில் ஒருத்தி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்வாள், மற்ற மூன்று பேர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். இன்னொரு குரூப்பில் நாலு பேருமே தலைவர். தோல் மட்டும் வெட்டாமல் கிடக்கும். ஒரு வருஷம் நாலு பேரும் ரொம்ப தோஸ்த்து. சிரித்துக்கொண்டே கடைசி வாரம் வரை வந்துவிட்டார்கள், கையில் ஒன்றுமில்லை. நான் மேசை துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்பேன். யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன். அது என் வேலை இல்லை, சூப்ரவைசரம்மா வேலை.

இப்போது அவர் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு சுகர். வலது காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது, அவர் கவனிக்கவில்லை. சுகர்க்காரர்களுக்குக் காலில் வலி தெரியாதாமே. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் முற்றிவிட்டது. சின்ன விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். புண் ஆற ரொம்ப நாள் பிடித்தது. தினமும் அவர் வீட்டுக்குப் போய்க் கட்டு மாற்றிவிட்டது நான்தான். அவர் மகனும் மருமகளும் பெங்களூரில். அந்தக் காலை அவர் வேறு யாருக்கும் காட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால்கூட சாக்ஸ்தான்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு புண் வந்தால் விரலோடு போகாது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும். வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும்தான். மெத்தென்று ஒரு செருப்பு கொடுத்தார்கள். ஆனால் எங்கள் பயிற்சிக் கூடத்தில் தரையெல்லாம் ஆணியும் உடைந்த கத்தி முனையும் கிடக்கும். விரல் தெரிகிற செருப்போடு அங்கே நடக்க முடியாது. கடையில் விற்கிற மூடின ஷூவோ அந்தக் காலுக்குச் சேராது, விரல் போன இடத்தில் உரசும். அதனால் மேலே இருக்கிறவர்கள், மேடம் நீங்கள் ஆபீஸிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள், முடியாவிட்டால் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

என்னிடம் அவர் சொன்னது வேறு.

"மேசைக்கு மேசை நடந்தாத்தான்க்கா நான் சூப்ரவைசர். உக்காந்துட்டா போச்சு."

வீட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் கூடமும் அந்தப் பிள்ளைகளும்தான்.

அந்த வருஷம் ப்ராஜெக்ட்டுக்குக் கஷ்டமான காலுள்ள ஒருவரைப் பார்த்து, அவருக்கு ஷூ செய்ய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒரு குரூப்பில் ஆலங்காயத்துப் பெண் ஒருத்தி, அவளுக்குத் துணையாக அவள் தோழி. திருப்பத்தூர்ப் பையன் ஒருவன், அவனோடு அவன் கூட்டாளி. நாலு பேரும் வந்து நின்றார்கள். ஆலங்காயத்துப் பெண்தான் பேசினாள். "மேடம், உங்களுக்கே பண்றோம்" என்றாள்.  சூப்ரவைசரம்மா, மார்க் போட வெளியாள் வருவார், நான் உங்களுக்காகப் பரிந்து பேசமாட்டேன், சம்மதமா என்றார். சம்மதம் என்றார்கள்.

மத்தியானம் கூடம் காலியான பிறகு அளவெடுத்தார்கள். என்னைக் கதவருகில் நிற்கச் சொன்னார், யாரும் வந்துவிடக் கூடாது என்று. சாக்ஸைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தரையில் பழுப்புத் தாள் விரித்து, திருப்பத்தூர்ப் பையன் மண்டி போட்டு உட்கார்ந்து, காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டான். விரல் இல்லாத இடத்தில் பென்சில் மெதுவாக உள்ளே வளைந்து போயிற்று.  அளவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவன் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான். அவரிடம் கேட்டுத்தான் எடுத்தான்.

மறுநாள் அந்தப் படம் அவன் ஸ்டேட்டஸில் இருந்தது. இப்படிப்பட்ட காலுக்கும் ஷூ செய்கிறோம் என்று கீழே ஏதோ எழுதியிருந்தானாம். சூப்ரவைசரம்மா முகம் அதில் இல்லை. ஆனால் விரல் போன கால் எங்கள் ஊரில் யாருடையது என்று தெரியாதா? அவரே தன் போனில் அதைப் பார்த்துவிட்டார்.

டப்பா கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, என் கால் எனக்கு முன்னாடி ஊர் சுத்தப் போய்டுச்சு" என்றார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அதன் பிறகு சில நாள் கூடத்துக்குள் வரவே இல்லை. மேலே இருக்கிறவர்கள் சொன்ன மாதிரி ஆபீஸில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஆலங்காயத்துப் பெண் அந்தப் பையனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டான். வாய் மட்டும் திறக்கவில்லை. வலது ஷூவை நான் செய்கிறேன் என்று அவன் முன்பே கேட்டு வைத்திருந்தான்; அவள் முகத்தில் அடித்த மாதிரி சொன்னாள்: "அந்தக் கால நீ தொடக்கூடாது." அப்புறம் இரண்டு பெண்களும் வலதைச் செய்வதாகவும் இரண்டு பையன்களும் இடதைச் செய்வதாகவும் பிரிந்துவிட்டார்கள். பெண்கள் காலையில் வருவார்கள், பையன்கள் மத்தியானத்துக்கு மேல் வருவார்கள். எனக்கும் அந்தப் பையன் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. கத்தி கேட்டால் கொடுப்பேன், முகம் கொடுக்கமாட்டேன்.

ஒரு குரூப்புக்கு ஒரு தோல்தான் கொடுப்பார்கள். எங்கள் தொழிலில் ஜோடி என்றால் இடதையும் வலதையும் தோலில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வைத்து வெட்ட வேண்டும். அப்போதுதான் நிறமும் ஒன்றாக இருக்கும், இழுவையும் ஒன்றாக இருக்கும். முதுகுப் பக்கத்துத் தோல் கெட்டி, வயிற்றுப் பக்கத்துத் தோல் இளகும். இதை முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். நாலு பேருக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் வைத்து வெட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்க வேண்டுமே. பெண்கள் காலையில் வந்து முதுகின் நடுவில் வலதை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பையன்கள் வந்து தங்களுக்குக் கைக்கு எட்டினதை, வயிற்றோரத்தில், வெட்டிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு ஷூவும் ஒரே மேசைக்கு வந்தன. சூப்ரவைசரம்மாவை நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல வேலை. வலதுக்குள் விரல் போன இடத்தை மெத்தென்ற ரப்பரால் அவ்வளவு பதமாக நிரப்பியிருந்தார்கள். இடதின் தையல் நூல் பிடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வைத்தால்தான் தெரிந்தது. ஒன்று காப்பிக்கொட்டை நிறம், ஒன்று அதில் பால் ஊற்றின நிறம்.

அவர் இரண்டையும் போட்டுக்கொண்டு கூடத்தின் கோடி வரை போய் வந்தார். இடது ஷூ நடக்க நடக்க இளகிக் கொடுத்தது. உடம்பு பாரமெல்லாம் வலது பக்கம் சாய்ந்தது.  நாற்காலியில் உட்கார வைத்து நானே ஷூவைக் கழற்றி, சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். தழும்புக்குப் பக்கத்தில் சிவந்து ஒரு கோடு.

ஆலங்காயத்துப் பெண் அழத் தொடங்கிவிட்டாள். இவங்க வெட்டின தோலால்தான் மேடம் என்றாள். "முதுகெல்லாம் நீங்களே வெட்டிட்டுப் போய்ட்டா எங்களுக்கு இன்னா இருக்கும்?" என்றான் திருப்பத்தூர்ப் பையன். அவர்கள் தோழியும் கூட்டாளியும் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

சூப்ரவைசரம்மா இரண்டு ஷூவையும் எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ரெண்டு ஷூ இருக்குது. ஜோடி எங்க?"

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். கதவருகில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, நாளைக்கு அந்த மேசைக்கு ஒரு டப்பா போதும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அத்தனை வருஷம் கழித்தும் அவர் அதை மறக்கவில்லை.

மறுநாள் அந்த மேசையில் பெரிய டப்பா ஒன்று, பிரஷ் ஒன்று வைத்தேன். நாலு முக்காலி. காலையிலேயே நாலு பேரும் வர வேண்டும் என்று மேடம் சொல்லியனுப்பியிருந்தார். அந்தத் தோழிப் பெண் என்னிடம் வந்து, "ஆயா, எங்க டப்பாவெல்லாம் எங்க?" என்று கேட்டாள். மேடம் ஒன்றுதான் சொன்னார்கள் என்றேன். கெஞ்சிப் பார்த்தாள். நான் அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெட்டுவதில் தொடங்கியது. இடது ஷூவைப் புதிதாகச் செய்ய வேண்டும். முதுகில் மிச்சமிருந்தது ஒரு கோணல் துண்டு. வெட்டுகிற அளவு அட்டையை எப்படி வைத்தாலும் ஒரு மூலை வெளியே போயிற்று. நாலு தலையும் அந்தத் தோலுக்கு மேல் குனிந்தன. வாயால் பேசாமல் ஆளுக்கொரு விரலால் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். கடைசியில் கூட்டாளிப் பையன், குதிகால் துண்டை மட்டும் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டால் என்ன, உள்ளே கெட்டி அட்டை வரப்போகிறதே, இளகினால்கூடத் தெரியாதே என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னான். சொன்னது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அப்படியே வைத்தார்கள். பொருந்தியது.

பிறகு பசை. இரண்டு பக்கமும் தடவ வேண்டும், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காய விட வேண்டும், பதம் வந்ததும் ஒட்ட வேண்டும். ஒருத்தர் தடவி முடிக்கிறபோது மற்றவர் காத்திருக்கக்கூடாது. ஒரே பிரஷ் என்றால் கேட்காமல் நடக்காது. ஆலங்காயத்துப் பெண் அவனைப் பார்க்காமலே கையை மட்டும் நீட்டினாள். அவன் பிரஷ்ஷின் பிடியில் ஒழுகியிருந்த பசையைத் தன் துணியால் துடைத்துவிட்டு அவள் கையில் வைத்தான். நான் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மேசை அன்றைக்கு ரொம்பச் சுத்தமாகிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கேட்டாள்.

"ஏன் போட்ட அந்தப் படத்த?"

அவன் டப்பா மூடியைப் போட்டான்.

"எங்கப்பாவுக்கும் இப்டித்தான் கால். ஷூ கம்பெனி வண்டி ஓட்டினவரு. ரெண்டு வருஷமா வெளிய வரமாட்டேன்றாரு. அவரு பாக்கட்டும்னு போட்டேன். எல்லாரும் பாப்பாங்கன்னு எனக்கு அப்ப தோணல."

"மேடம்கிட்ட சொன்னியா?"

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு சொல்றது?"

"இதே மூஞ்சதான். வேற இருக்குதா?"

கூட்டாளிப் பையன் சிரித்துவிட்டான். பிறகு நாலு பேரும். எங்கள் காலத்தில் மூடிக்குச் சிரித்த அதே சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நான் கத்திகளை எடுத்து வைக்கப் போனேன். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நல்ல கத்தியாகப் பார்த்துக் கொடுத்தேன்.

அவன் போய் சூப்ரவைசரம்மாவிடம் சொன்னானா, எப்படிச் சொன்னான், அவர் என்ன சொன்னார், எனக்குத் தெரியாது. ஆபீஸ் கதவு சாத்தியிருந்தது. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. வெளியே வரும்போது அவன் கண் சிவந்திருந்தது, நடை லேசாக இருந்தது.

ஷூ தயாரான அன்று சூப்ரவைசரம்மா கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் நாற்காலி போடச் சொன்னார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. தானே சாக்ஸைக் கழற்றி வைத்தார். மற்ற குரூப் பிள்ளைகளெல்லாம் இருந்தார்கள்.  திருப்பத்தூர்ப் பையன் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றான்.

"நீ வாப்பா. இந்தக் கால் உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

அவன் வந்து மண்டி போட்டான். ஆலங்காயத்துப் பெண் வலது ஷூவைத் தன் கையால் எடுத்து அவனிடம் கொடுத்தாள். அவன் பச்சைப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி அந்தப் பாதத்தைப் பிடித்து, சாக்ஸை மாட்டி, உள்ளே செலுத்தி, விரல் போன இடத்தில் ஷூவுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தான். இடதை அவள் போட்டுவிட்டாள்.

அவர் எழுந்தார். வாசல் வரை, அங்கிருந்து கோடி மேசை வரை, அங்கிருந்து ஒவ்வொரு மேசையாக நின்று நின்று திரும்பி வந்தார். நடுவில் ஒரு பிள்ளையின் மேசையில் நின்று, "இன்னா தையல் இது, வயல்ல நாத்து நட்டாப்ல இருக்குது" என்று திட்டினார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார். நான் ஷூவைக் கழற்றி சாக்ஸை இறக்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நாலு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒண்ணுமில்லையா, கண்ணு தெரியலையா?" என்றார் அவர்.

ஒன்றுமில்லைதான். அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மார்க் போட வந்தவர், யார் யார் எதைச் செய்தீர்கள் என்று கேட்டார். நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆலங்காயத்துப் பெண், "லெஃப்ட்ட மட்டும் ரெண்டு தடவ பண்ணோம் சார்" என்று சொன்னாள். அவருக்கு அது விளங்கியிருக்காது. மார்க் எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை. நாலு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் தெரியும். திருப்பத்தூர்ப் பையன் தன் அப்பாவுக்கும் ஒரு ஜோடி செய்தான். அதற்கு அந்த மூன்று பேரும் பஸ் ஏறித் திருப்பத்தூர் போய் உடன் இருந்தார்களாம்.

சூப்ரவைசரம்மா இன்னும் மேசைக்கு மேசை நடந்துகொண்டுதான் இருக்கிறார். ஆபீஸ் நாற்காலியில் இப்போது பழைய அட்டைப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு கோயில் முடிந்து அவர் என் வீட்டுக்கு வந்தார். பேத்தியின் கோபக் கதையைக் கேட்டுச் சிரித்தார். வாசலில் எல்லோரையும் போல ஷூவைக் கழற்றக் குனிந்தார். நான் விடவில்லை. வெறுங்காலை என் வீட்டுத் தரையில் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சாமி படம் இருக்கேக்கா என்றார். சாமி ஒன்றும் சொல்லாது, வாங்க என்றேன். என் வீட்டுக்குள் ஷூவோடு நடந்த ஒரே ஆள் அவர்தான். பெற்ற பிள்ளைகளைக்கூட நான் விட்டதில்லை. எதிர்வீட்டிலிருந்து என் சம்பந்தி, அதாவது அந்தச் சோற்றுப் பைக்காரி, எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "எம்புள்ள செருப்போட ஒரு தடவ உள்ள வந்ததுக்குப் பேஜார் பண்ணியே, இது மட்டும் இன்னா நியாயம்?" என்று கேட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடித்தோம். சூப்ரவைசரம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஷூ இப்போது நன்றாகப் பழகி, இரண்டும் ஒரே நிறத்தில் மங்கியிருக்கிறது.

பேத்தி இதுவரை அடித்துவிட்டுச் சொல்கிறாள், எங்க குரூப்ல டப்பா கிடையாது ஆயா, வாட்ஸ்அப்தான் என்று. அதிலும் அந்த இரண்டு பேரையும் இவள் எடுத்துவிட்டாளாம். எடுத்ததைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்கிறாள். சேர்ப்பாயா என்று நான் கேட்கவில்லை. போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, போதும் அடித்தது. எதிர்வீட்டு ஆயாவையும் கூப்பிடு. முதலில் மூடியைப் பற்றிப் பேசினது அவள்தான் என்று சொல்லியிருக்கிறேன், இல்லை என்று சண்டைக்கு வருவாள். அவளும் வந்து உட்காரட்டும். எனக்கு எத்தனை வயது, எத்தனை பேரை வளர்த்தேன் என்று தொடங்கினாயே, அங்கிருந்து சத்தமாகப் படி, கேட்கலாம்.